வாசனை பார்க்கிற வேலை

என் வீட்டுக்காரர் மாடிப்படியின் நடுவில் நின்று, மூக்கை உயர்த்தி நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, மேலே கையைக் காட்டினார்.

"ஒண்ணும் வரல. போட்டுக்கோ!"

ரகசியமாகத்தான் சொன்னார். தெருவுக்கே கேட்டது.

மேலே கருவாடு எண்ணெயில் விழுந்தது. அந்தச் சத்தமும் ஹாலில் கட்டிலில் படுத்திருந்த எனக்கு நன்றாகவே கேட்டது.

முதல் கீமோ முடிந்து வீட்டுக்கு வந்த அன்று நாத்தனார் பாஞ்சாலி ரசத்துக்குத் தாளித்தாள். கடுகு வெடித்ததுதான் தாமதம், நான் பாத்ரூமுக்கு ஓடினேன். அன்றைக்கே இண்டக்‌ஷன் அடுப்பு, எக்ஸ்டென்ஷன் ஒயர், எண்ணெய் டப்பா எல்லாம் மொட்டை மாடிக்குக் குடிபோயின. கீழே எனக்குக் கஞ்சி, இட்லி, மோர்ச்சாதம்.

வாசனை படியிறங்கி வருகிறதா என்று பார்க்கும் வேலை என் வீட்டுக்காரருக்கு.

இதைவிடப் பொருத்தமான ஆளை மண்ணூர் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. உதயசூரியனுக்கு ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியின் பெயிண்ட் ஷாப்பில், வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிற பிரிவில், வேலை. பெயிண்ட்தான் காரணமோ, சைனஸ்தான் காரணமோ, அவர் மூக்கு வேலையை விட்டு நின்று ரொம்பக் காலம் ஆகிறது. பக்கத்திலேயே பால் அடிப்பிடித்துக் கருகும். அவர் பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். கேட்டால் சளி என்பார். சித்திரை வெயிலிலும் சளி.

கௌரவம் பார்க்கிற மனுஷன், யாரிடமும் சொன்னதில்லை. எனக்குத் தெரியும் என்பது அவருக்கே தெரியாது.

அவர்தான் வாசனை இன்ஸ்பெக்டர். கம்பெனியில் கார் கதவை ஓகே பண்ணுகிற மாதிரி கட்டைவிரலை வேறு உயர்த்துவார்.

சிரிப்பு ஒரு பக்கம். எடை இப்படியே இறங்கினால் அடுத்த கீமோவைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நன்றாக வேகவைத்தது, என்ன பிடிக்கிறதோ அதைக் கொடுங்கள் என்றும் சொன்னார். எனக்கு எதுவுமே பிடிக்கவில்லை. எத்தனையோ வருஷம் நான் நடந்து நடந்து பார்த்தும் அசையாத எடை மெஷின் முள், இப்போது கேட்காமலே இறங்குகிறது.

முன்பெல்லாம் குழம்பில் ஒரு குறை சொல்லாமல் நான் கை கழுவியதில்லை. இப்போது எதைக் கொடுத்தாலும் இரண்டு வாய் வைத்துவிட்டு, "நல்லாக்கீது" என்று தட்டை நகர்த்திவிடுகிறேன். அதைக் கேட்டாலே பாஞ்சாலியின் முகம் வாடிவிடும். நான் திட்டினால்கூட அவளுக்குப் பரவாயில்லை.

மாடியில் மோகனப்ரியாவின் குரல் கேட்டது. என் பெண். நைட் ஷிப்டு முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவள், தூங்காமல் அங்கே போயிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில், சுடுகிற தரையில் நின்றுகொண்டு, என் பிள்ளை எனக்குத் தெரியாமல் சாப்பிட வேண்டியிருக்கிறது.

எனக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. எழுந்தேன்.

அவரும் மேலே போயிருந்தார். பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு ஏறினேன்.

என்னைப் பார்த்ததும் மூன்று பேரும் கம்பெனியில் வேலை நேரத்தில் செல்போனோடு மாட்டியவர்கள் மாதிரி விழித்தார்கள். மோகனப்ரியா தட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். பாஞ்சாலி வாணலியை ஒரு தட்டால் மூடினாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்கள்.

"இன்னாண்ணா, ஒண்ணும் வரலன்னு சொன்னே?" என்றாள் பாஞ்சாலி.

அவருக்கு வேர்த்துவிட்டது. பாவமாக இருந்தது எனக்கு.

"அவர இன்னாத்துக்குக் கேக்குற? கருவாட்டு வாசனதான் என்ன இட்டாந்துச்சு. பசிக்குது, ஒரு துண்டு போடு" என்றேன்.

ஒருத்தரும் அசையவில்லை. அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் அசைந்தார்கள். தண்ணீர்த் தொட்டி நிழலில் பாயை விரித்தார்கள். வாளைக் கருவாட்டில் பெரிய துண்டாகப் பார்த்து என் தட்டில் வைத்தாள் பாஞ்சாலி.

வாயில் போட்டேன். அன்றைக்குக் கடுகுக்கே ஓடவைத்த மூக்கில் இப்போது ஒரு வாசனையும் ஏறவில்லை; கீமோ நாக்குக்குத் துருப்பிடித்த ஆணியைக் கடித்த மாதிரி இருந்தது. மென்றேன், விழுங்கினேன். சோற்றோடு இன்னொரு வாய் எடுத்தேன். அதுவும் ஆணி. அதையும் விழுங்கினேன்.

"உப்பு ஜாஸ்தி, பாஞ்சாலி."

கருவாட்டில் உப்பு ஜாஸ்தி என்று சொல்ல நாக்கு வேண்டுமா என்ன?

பாஞ்சாலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அம்மா திட்டிடுச்சு!" என்று மோகனப்ரியா கத்தினாள். மோர் எடுத்துவருகிறோம் என்று இரண்டு பேரும் கீழே ஓடினார்கள்.

அவர் மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நாலு பேர் எதிரில் நான் அவரை வாங்க போங்க என்பேன். தனியாக இருந்தால் வா போதான்.

"நெஜமாவே வாசன வந்துச்சா காந்திமதி?"

"உனக்கு வந்தா மாரிதான்."

அவர் கை தானாக மூக்கைத் தொட்டுப் பார்த்தது. பிறகு வாணலியிலிருந்து இன்னொரு துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார்.

அதையும் சாப்பிட்டேன்.