உதை குறைந்த துவக்கு

"இதைவிட உதை குறைந்தது இல்லையா?"

கீர்த்திகன் மூன்றாவது தடவையாகக் கேட்டான். வலக்கை மணிக்கட்டை இடக்கையால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

ஒஸ்லோவின் கிழக்குப் பக்கம், ஒரு பழைய கட்டடத்தின் நிலக்கீழ்த் தளத்தில் இருந்தது அந்தச் சுடுபயிற்சிக் கூடம். சனிக்கிழமை காலை. பயிற்சியாளர் நோரா அவனிடமிருந்து ரிவால்வரை வாங்கி, உருளையைத் திறந்து வெற்றுத் தோட்டாக் கோதுகளைக் கொட்டினாள்.

"இது எடை குறைந்தது. அதனால்தான் உங்கள் கையைத் தூக்கி எறிந்தது. பெரிய குண்டு என்றால் துவக்கும் கனமாக இருக்க வேண்டும். கனம்தான் உதையை வாங்கிக்கொள்ளும்."

"அப்படியென்றால் சின்னக் குண்டாக எடுக்கலாமே?"

"பனிக்கரடிக்கா? அதற்குக் கோபம் வரவைக்கத்தான் அது உதவும்."

கீர்த்திகனின் முகம் வெளுத்தது.

வடதுருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்ட் தீவுகளில் ஓர் ஆய்வு முகாம், மூன்று மாத வேலை, இரண்டு கையிலும் எப்போதும் ஏதாவது இருக்கும், தோளில் ரைபிள் தொங்கவிட முடியாது, இடுப்பில் செருகக்கூடியதாக ஒன்று வேண்டும். தொலைபேசியில் அவன் சொன்னது அவ்வளவுதான். தாயையும் கூட்டிக்கொண்டு வருவான் என்று நோரா எதிர்பார்க்கவில்லை.

தாய் இராசமணி சுவரோரமாக இருந்த வாங்குப் பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வெடிக்கும் மகன்தான் துள்ளினான். அவள் இமைகூட ஆடவில்லை.

நோரா அடுத்ததை எடுத்தாள். நீளக் குழல், தடித்த ரப்பர் பிடி. கையில் வாங்கியதும் கீர்த்திகனின் தோள் சற்றே இறங்கியது.

"ஒரு கரடி நூறு மீட்டரை எத்தனை விநாடியில் ஓடிவரும்?" என்று கேட்டான்.

"ஒன்பது, பத்து."

"மணிக்கட்டு எலும்பு தேய்ந்திருந்தால் இதைப் பிடிக்க முடியுமா?"

"உங்களுக்கு அப்படி ஏதாவது இருக்கிறதா?"

"இல்லை. சும்மா கேட்டேன்."

ஆறு தடவை சுட்டான். இரண்டுதான் இலக்கு அட்டையில் பட்டன. ஆனால் கை முன்புபோல் மேலே எகிறவில்லை. ரிவால்வரை மேசையில் வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தான்.

"ஏன் தம்பி இப்பிடி வேர்க்கிறாய்?" என்றாள் இராசமணி தமிழில். "மூண்டு மாதம்தானே."

"மூண்டு மாதம் கரடியளுக்கு நடுவில, அம்மா."

"கரடி அதின்ர பாட்டில திரியும்."

"இப்பவும் ஏலாதெண்டு சொல்லலாம். ஒரு மெயில் போட்டாக் காணும். நானே எழுதுறன்."

"கையெழுத்துப் போட்டாச்சு. வாக்குக் குடுத்தாக் குடுத்ததுதான்."

"பேர்கன்ல சித்தியும் வேண்டாமெண்டுதான் சொல்லுறா."

"சித்தி மழைக்கே வெளியில போகமாட்டா. அவளின்ர கதையை விடு."

மொழி விளங்காவிட்டாலும் நோராவுக்குத் தொனி விளங்கியது. பிள்ளை கெஞ்சுகிறான், தாய் அசையவில்லை. பயந்த ஒருவனைப் பனிக்குள் பிடித்துத் தள்ளுகிற தாய். நோராவுக்கு எரிச்சலாக வந்தது.

தண்ணீர் எடுத்துத் தருவதுபோல் கீர்த்திகனைத் தனியே அழைத்தாள்.

"நான் பத்து வருடமாக இந்த வேலை செய்கிறேன்," என்றாள் மெதுவாக. "பயம் இருந்தால் போகாமல் விடுவதில் வெட்கம் இல்லை. அங்கே பயந்த கைதான் முதலில் பிழை விடும்."

"தெரியும்."

"அப்படியென்றால் ஏன் சொல்லக்கூடாது?"

"சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன்." அவன் தண்ணீரை ஒரு மிடறு குடித்தான். "இரண்டு கிழமையாக நித்திரை இல்லை. கண்ணை மூடினால் அந்தக் கூடாரம்தான் வருகிறது. வெளியே ஏதோ நடக்கிற சத்தம். என்னால் செய்ய முடிந்தது இது ஒன்றுதான். இருப்பதில் நல்ல துவக்காகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது."

நோரா அதற்குமேல் வற்புறுத்தவில்லை. வாங்கைத் திரும்பிப் பார்த்தாள். இராசமணி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது ரிவால்வர் எல்லாவற்றிலும் கனமானது. கீர்த்திகன் முதலில் உதை குறைந்த பயிற்சித் தோட்டாவாலும், பிறகு முழு வலுத் தோட்டாவாலும் சுட்டான். கடைசிக் குண்டுக்குப் பிறகு மணிக்கட்டை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கிப் பார்த்தான்.

"நோகவில்லை," என்றான். "இதுதான். இதைவிட நல்லது கிடைக்காது."

"நல்லது. அப்படியே எழுதுகிறேன்." நோரா படிவத்தை அவன் முன்னால் வைத்தாள். "முகாமுக்குப் போகிறவர் இங்கே பெயரையும் வேலையையும் எழுத வேண்டும். பிறகு இன்னும் ஆறு தோட்டா. என் கண்முன்னால் சுட்டுக் காட்டினால் சரி."

கீர்த்திகன் பேனையைத் தொடவில்லை. விலகி நின்றான்.

வாங்கிலிருந்து எழுந்து வந்த இராசமணி, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தன் பெயரை எழுதி, அதன் கீழே 'முகாம் சமையல்' என்று நிதானமாக நிரப்பினாள்.

"இருபத்தாறு வருசம் முதியோர் இல்லத்துக் குசினிக்குள்ள நிண்டிட்டன், இனிக் கொஞ்சம் வெளியில நிண்டு பாக்கிறன்," என்று மகனிடம் சொல்லிவிட்டு அவள் துவக்கைத் தூக்க, கீர்த்திகன் கண்களை இறுக மூடிக்கொண்டான்.