மோர் மிளகாய் முறம்

மதகடிப்பட்டு மளிகைக்கடை கோவிந்தராஜின் உடம்புக் கனத்தில் நாடாக் கட்டில் தரைவரை தொய்ந்து கிடக்கிறது. போன வாரம் ரத்தக்கொதிப்பு ஏறி வலது கை, கால் விழுந்துவிட்டது. இடது கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்க்கும் நர்ஸம்மா, சாப்பாட்டில் உப்பைக் குறைத்தீர்களா என்று கேட்கிறாள். மனைவி கோகிலாம்பாள் அவருடைய கோணிய வாயை முந்தானையால் துடைக்கிறாள். "கொறைக்கறதா? ரெண்டு வருசமா கொழம்புல ஒரு கல்லு உப்பு போட்டதில்ல. அவருக்கு இல்லாதது எனக்கு இன்னாத்துக்குன்னு நானும் அதத்தான் துன்றேன்." "அய்யாவுக்கு எப்படிம்மா எறங்குச்சு?" "எறங்காது. பாவமேன்னு வேளைக்கு நாலு மோர் மொளகா வறுத்து வெச்சுடுவேன். அவருக்குன்னே போடறது, நான் வாயில வெச்சதுகூட இல்ல." பட்டையிலிருந்து காற்று சீறி இறங்குகிறது. நர்ஸம்மா முற்றத்தைப் பார்க்கிறாள். அங்கே முறத்தில் காயும் மிளகாய்களின் மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கிறது. கோகிலாம்பாளும் பார்க்கிறாள். எழுந்து போய் ஒன்றை எடுத்து நுனியைக் கடிக்கிறாள். காரம் தெரிவதற்கு முன்பே, இரண்டு வருடமாக உப்புப் படாத அவள் நாக்கு சுருண்டுபோகிறது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அவள் நிற்க, கட்டிலிலிருந்து தனக்கும் ஒன்று கேட்டு கோவிந்தராஜின் இடது கை நீள்கிறது.