ஒத்துக்கொண்ட மருந்து

ஒரு மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று யாரைப் பார்த்துச் சொல்வீர்கள்? அதைச் சாப்பிடுகிறவரைத்தானே?

ஆராய்ச்சி டாக்டரும் தையல்காரரின் மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாய் வறண்டு போகுதாம்மா?"

"இல்லீங்க டாக்டர்."

"கை நடுக்கம்? பகல்ல தூக்கம்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லை."

பக்கத்து நாற்காலியில் தையல்காரர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு குடித்தார்.

மனநோய்க்கான புது மருந்தைப் பரிசோதிக்கும் பிரிவு அது. பழைய மருந்து எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. சாப்பாட்டில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்று பட்டினி கிடந்து, மாதக்கணக்கில் வார்டில் இருந்தவள். இன்று டாக்டர் சரியென்றால் வீட்டிலேயே இருக்கலாம். இல்லையென்றால் மறுபடி வார்டுதான்.

"சாப்பாடு எப்படிப் போகுது?"

"நேத்து அக்கா வீட்டுல சாப்பிட்டேன். உப்பே இல்லை. சொல்லிட்டு, இன்னொரு தரம் வாங்கியும் சாப்பிட்டேன்."

டாக்டர் சிரித்துவிட்டார்.

காலி அட்டைகளைத் திருப்பிப் பார்த்த நர்ஸ், "காலையில ரெண்டு மாத்திரை. ஒருநாள்கூட விட்டுப்போகலை. வீட்டுல யாரு இவ்வளவு கெட்டி?" என்றார்.

"இவர்தான். எழுந்ததும் அதுதான் முதல் வேலை."

"இவரா? வெளியே பெஞ்சுல குறட்டை விட்டுட்டு இருந்தாரே."

தையல்காரர் அசடு வழிந்தார். "ராத்திரியெல்லாம் தையல் வேலைங்க, அதான்..."

"கதை விடறார் சிஸ்டர். ஊசியில நூல் கோக்க வரலைன்னு, கொஞ்ச நாளா பொழுது சாயறதுக்குள்ள கடையைச் சாத்திடறார்."

டாக்டர் பேனாவை மூடினார். "உங்களுக்கு இந்த மருந்து நல்லா ஒத்துக்கிச்சும்மா. சாப்பிட்ட மத்தவங்க எல்லாருக்கும் வாய் வறட்சி, கை நடுக்கம், பட்டப்பகல்ல தூக்கம். உங்களுக்கு மட்டும்தான் எதுவுமே இல்லை. தைரியமா வீட்டுக்குப் போங்க."

அவள் பாட்டில் மூடியைத் திருக முடியாமல் தடுமாறிய கணவரின் விரல்களையே பார்த்தாள். பிறகு பாட்டிலை வாங்கித் தானே மூடினாள்.

"என்னம்மா, சந்தோஷம்தானே?"

"ம்."

பஸ்ஸில் தையல்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "வார்டு கிடையாதுன்னுட்டாரு. இன்னும் ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?"

"ஒண்ணுமில்லை. சாஞ்சுக்கிட்டுத் தூங்குங்க. இறங்கற இடத்துல எழுப்பறேன்."

மறுநாள் காலை, 'விஷம் இல்லேன்னா முதல்ல நீங்க ஒண்ணு முழுங்கிக் காட்டுங்க, அப்புறம் இன்னொண்ணை நான் போட்டுக்கறேன்' என்று தினமும் சொல்வதை அவள் சொல்லவில்லை. இரண்டு மாத்திரைகளையும் அவளே விழுங்கினாள்.