ஜவானும் வீரரும்

அறுபத்தைந்தாம் வருடம் செப்டம்பர், எல்லையில் சண்டை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தெருவில் சாய்வெயில் பொதுக்கூட்டப் பேனருக்கான வெள்ளைத் துணி மேல் விழுகிறது. ஒரு முனையைக் காங்கிரஸ்காரர் பரமசிவமும் மறுமுனையைத் தி.மு.க.காரர் கலியனும் பிடித்திருக்கிறார்கள். நாட்டுப் பாதுகாப்பிலாவது ஒன்றாக நில்லுங்கள் என்று இருவரையும் சேர்த்துக் குழு அமைத்த தேவகி டீச்சர் அருகில் நிற்கிறார். ‘எல்லையில் நிற்கும்’ என்பதோடு பெயிண்டரின் கை நின்றுவிட்டது. தூரிகையிலிருந்து நீலம் சொட்டுகிறது. “ஜவான்கள்னு எழுதுபா,” என்கிறார் பரமசிவம். “இந்தி வார்த்தையா? வீரர்கள்னு போடு. இல்லன்னா எங்க ஆளுங்க மேடை ஏற மாட்டாங்க,” என்கிறார் கலியன். பேசப்பேச இருவரும் நெருங்கி வருகிறார்கள். துணி தொய்ந்து மண்ணைத் தொடப் பார்க்கிறது. தெருக்கோடியில் மைக் செட்காரர் “ஹலோ, ஹலோ” என்கிறார். “நம் பிள்ளைகள்னு எழுதுபா,” என்கிறார் டீச்சர், குரலை உயர்த்தாமல். “இதுக்கு இன்னா சொல்றீங்க ரெண்டு பேரும்?” இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைக்கிறார்கள். பெயிண்டர் சிரித்துக்கொண்டே தூரிகையை டப்பாவில் முக்குகிறார். “அப்படியே பின்னால போங்கபா. ஆளுக்கு ஒரு பக்கமா நல்லா இழுத்துப் புடிங்க. அப்பதான் எழுத்து நேரா வரும்.”