சதுரம் சதுரமாக

கத்தரிக்கோலைத் திறந்து யானையின் தும்பிக்கைக்கு நேராக வைத்தபோது தனுஷா கையைப் பிடித்துக்கொண்டாள்.

“யானைய வெட்டாதீங்கம்மா. பாவம்.”

சுதர்சினி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

கட்டில் முழுக்கச் சட்டைகள். தனுஷாவுக்குச் சின்னதாகிப் போனவை, ஒன்று விடாமல் சுதர்சினி தன் கையால் தைத்தவை. மஞ்சளில் யானை போட்டது. செர்ரிப் பழம் போட்டது. அம்மன் கோயில் தேருக்குப் போட்டுக்கொண்டு போன நீலம். அதில் ஒட்டிய ஐஸ்கிரீம் கறை எத்தனை தடவை துவைத்தும் போகவில்லை.

அந்த வீதியில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள் சுதர்சினிதான். ஆனால் துண்டுத்துணிப் போர்வை தைப்பது இதுதான் முதல் தடவை. போனில் தேடித் தேடி ஒரு டிசைனைப் பிடித்து வைத்திருந்தாள். எட்டு முனை நட்சத்திரம். துணியை முக்கோணம் முக்கோணமாக நறுக்கி, முனையோடு முனை பிசகாமல் பொருத்த வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கிற வேலை.

இழுக்கட்டும் என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தாள்.

போர்வை முடியாமல் பிள்ளையை எப்படி அனுப்புவது என்று கேட்டால், யாராலும் மறுத்துப் பேச முடியாது.

ஆனால் முதலில் நறுக்கிய முக்கோணத்தில் அரைச் செர்ரியும் ஒரு காம்பும்தான் மிஞ்சின. அது எந்தச் சட்டை என்று அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. இரண்டாவதாக யானையை எடுத்தபோதுதான் தனுஷா தடுத்தாள்.

“பெருசு பெருசா வெட்டுங்கம்மா. அப்பதான் படுத்துக்கிட்டே எல்லாத்தையும் பாக்கலாம்.”

பிள்ளை சொன்னது சரிதான். யானை முழுதாக நிற்க வேண்டுமென்றால் சதுரம்தான். வெறும் சதுரம். நிறங்கள் ஒன்றோடொன்று சண்டை பிடிக்காமலிருக்க இடையில் ஒரு வெள்ளைப் பட்டி. தையலில் இதைவிட லேசான வேலை கிடையாது.

எல்லாம் நேர்கோடு. மெஷின் தன்பாட்டில் ஓடியது. சுதர்சினி பெடலை மெதுவாக மிதித்துப் பார்த்தாள். கோணாத இடத்தையும் பிரித்து மறுபடி தைத்தாள்.

அப்படியும் பிள்ளை புறப்பட வேண்டிய ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது.

“கலேவெல என்ன கடல் தாண்டியா இருக்கு?” என்றான் அவள் கணவன் தர்மேந்திரன். “காலையில பஸ் ஏறுனா, பாத்துட்டு அன்னைக்கே திரும்பிரலாம்.”

திரும்பிவிடலாம்தான். திரும்பும்போது பக்கத்து சீட்டில் யார் இருப்பார்கள் என்று அவள் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேன் வந்து நின்றது.

இறங்கியவள் வாசலைத் தாண்டவில்லை. “அக்கா” என்றாள்.

சுதர்சினியின் தங்கை நிஷாந்தி. தனுஷாவைப் பெற்றவள்.

பத்து மாதக் குழந்தையை அக்காவின் கையில் கொடுத்துவிட்டுப் புருஷனோடு குவைத்துக்குப் போனவள். ஒரு தடவை லீவு எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். கொரோனா வந்து விமானம் நின்றது. அதற்குப் பிறகு வாய்க்கவேயில்லை. இப்போது கலேவெலயில் வீடு கட்டி முடித்துவிட்டார்கள். அங்கே பள்ளிக்கூடத்திலும் பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டது. அவள்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. சுதர்சினிக்கு அதுதான் பெரிய வேதனை.

பிள்ளைக்கு எல்லாம் தெரியும். யாரும் மறைக்கவில்லை. ஆனாலும் அவள் சுதர்சினியின் சேலையைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லப் பழக்கியதைப் போல, “வாங்க, உக்காருங்க” என்றாள்.

நிஷாந்தி உட்கார்ந்தாள்.

பிள்ளையை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வராமல், கட்டிலில் விரித்திருந்த போர்வையைப் பார்த்தாள். பார்த்தவள் எழுந்து கிட்டே போனாள். ஒவ்வொரு சதுரமாகத் தொட்டாள்.

அத்தனை துணியும் அவளுக்குத் தெரியும். குவைத்தில் லீவு நாட்களில் கடை கடையாக ஏறி இறங்கி, அளவு தெரியாததால் சட்டையாக வாங்காமல் துணியாக வாங்கி, பார்சலில் அனுப்பியவள் அவள்தான். அவளுக்குத் தெரியாதது ஒன்றுதான். போனில் முகம் தெரியும். விழுந்த பல் தெரியும். எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்பது மட்டும் அந்தத் திரைக்குள் அடங்குவதில்லை.

ஓரத்தில் இருந்த ரோஸ் நிறத் துண்டின்மேல் விரலை வைத்தாள்.

“இது போட்டப்ப எவ்வளவு உயரம் இருந்தா, அக்கா?”

சுதர்சினி குனிந்து, தன் முழங்காலுக்குச் சற்று மேலே வெறும் காற்றில் கையை நிறுத்திக் காட்டினாள்.

நிஷாந்தி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுத்த சதுரத்தைத் தொட்டாள். கை இரண்டு விரல் உயர்ந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. தொடைக்கு வந்தது. இடுப்புக்கு வந்தது. காய்ச்சலில் கிடந்த வருஷம் கொஞ்சம்தான் உயர்ந்தது.

வாசலில் டிரைவர் ஹார்ன் அடித்தான். தர்மேந்திரன் வெளியே போய் அவனிடம் ஏதோ சொன்னான்.

கடைசிச் சதுரத்துக்காகச் சுதர்சினி கையை உயர்த்தியபோது, இருவரும் என்ன அளக்கிறார்கள் என்று பார்க்கத் தனுஷா அதற்குக் கீழே வந்து நின்றாள். உள்ளங்கை அவளுடைய உச்சந்தலையில் பட்டது. எண்ணெய் வைத்து வாரியது இன்னும் காயவில்லை.

சுதர்சினி அந்த வகிட்டை விரலால் ஒருமுறை நீவினாள்.

“இவ்வளவு” என்றாள்.

பிறகு கையை எடுத்துக்கொண்டு, தங்கை வந்து நிற்க இடம் விட்டு நகர்ந்தாள்.