பக்கத்து இருக்கையின் பிரேக்

ஆய்வகத்துக்கு ரத்த மாதிரிகள் கொண்டுபோகும் வேலை எனக்கு நிரந்தரமாக வேண்டுமென்றால், இந்த ஓட்டுநர் பயிற்சியில் தேற வேண்டும். ஈரத் தளத்தில் வேகமாக வந்து, மஞ்சள் கோட்டைத் தாண்டாமல் வண்டியை நிறுத்த வேண்டும். இதுவரை முயன்ற இரண்டு முறையும் தாண்டிவிட்டேன்.

"பிரேக்கைத் தடவிக் கொடுக்காதம்மா, மிதி!" என்றார் பயிற்சியாளர். அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அடுத்த முறை தனியாக ஓட்டச் சொல்லிவிட்டு, இறங்கிப் போய்க் கோட்டருகே நின்றுகொண்டார்.

அம்மா இறந்து ஒரு மாதம் ஆகிறது. இருந்தவரை, நான் ஓட்டும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவாள்.

இந்த முறையும் என் கால் தயங்கியது. பிரேக்கைத் தொடுவதற்குள், கோட்டுக்கு வெகு முன்னாலேயே வண்டி நின்றுவிட்டது. பக்கத்து இருக்கையின் பிரேக் தரைவரை அழுந்தியிருந்தது. பிறகு மெதுவாக மேலே வந்தது.

பயிற்சியாளர் ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"அடேங்கப்பா! இவ்வளவு நேரம் இந்தக் காலை எங்கேம்மா ஒளிச்சு வச்சிருந்தே? இன்னொரு தடவை இதே மாதிரி நிறுத்திக் காட்டு, பாஸ் போட்டுடறேன்."

"சரி சார்."

அவர் கோட்டருகே திரும்பிப் போகும்வரை காத்திருந்தேன். பக்கத்து இருக்கையைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தேன். அம்மாவுக்கு முழங்காலை ரொம்ப மடக்கினால் வலிக்கும்.