நாளுக்கொரு வரிசை

மேசைமேல் என் மனைவியின் கம்பளிப் போர்வை பாதியில் கிடக்கிறது. வருஷம் முழுவதும் நாளுக்கொரு வரிசை, அன்றைய வானத்தின் நிறத்தில் பின்னுவது அவள் வழக்கம். அவள் இறந்துபோய் முப்பத்திரண்டு நாளாகிறது. விட்டுப்போன வரிசைகளைப் பின்னி முடிக்க அவள் தங்கை வந்திருக்கிறாள். “சொல்லுங்க மாமா, அக்கா போன மறுநாள் வானம் எப்படி இருந்துச்சு?” ஜன்னல் திரை மூடியே இருக்கிறது. நான் ஒருநாளும் அண்ணாந்து பார்க்கவில்லை. “எல்லாத்துக்கும் சாம்பலே போட்டுடும்மா.” “கோடை மாமா இது! வெயில் மண்டையப் பிளக்குது. அக்கா இருந்தா என்னை உதைப்பா.” அவள் கூடையைக் கிளறுகிறாள். நீலமும் மஞ்சளுமாக நூலுருண்டைகள் தரையில் ஓடுகின்றன. அடியில் கையளவு சாம்பல் நூல். “இவ்வளவுதான் இருக்கு மாமா. அக்கா இதை அதிகமா வாங்கவே இல்லை.”